பாவுக்கு வைத்த கஞ்சி

தேவிப்ரியா வாயைத் திறப்பதாக இல்லை.

அழுவதற்குத் திறப்பாள். கொட்டாவி விடத் திறப்பாள். சின்ன காஞ்சிபுரத்தில் அந்தத் தெருவில் யார் போனாலும் வந்தாலும், அவர்களைப் பார்த்து ஈறு முழுவதும் தெரியச் சிரிப்பதற்குத் திறப்பாள். ஆனால் கரண்டி என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் போதும், உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும், தலை ஒரு பக்கம் திரும்பும். அப்புறம் யார் வந்து கெஞ்சினாலும் கதவு திறக்காது.

ஆறு மாதம் முடிந்ததும் முறைப்படிதான் தொடங்கினார்கள். அவளுடைய அப்பா இளவரசனுக்குத் திருப்புட்குழிக்கு அந்தாண்டை ஒரு கிராமம். அங்கே அம்மன் கோயிலில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துப் பொங்கலைக் குழைத்து ஊட்டுவது வழக்கம். தாய்மாமன் கமல் அதற்கென்றே வெள்ளைச் சட்டை எடுத்து, அது கசங்கக் கூடாது என்று வேனில் நின்றுகொண்டே வந்திருந்தான். விரல் நுனியில் கொஞ்சம் பொங்கலை எடுத்து மருமகள் நாக்கில் வைத்தான். மருமகள் சற்று யோசித்தாள். பிறகு, யாருடைய பொருளும் தனக்கு வேண்டாம் என்கிற நேர்மையோடு, அதை அப்படியே மாமன் சட்டையின்மேல் திருப்பிக் கொடுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். முதல் நாள் அப்படித்தான் இருக்கும் என்றார்கள்.

முதல் நாள் அப்படி இருந்தது சரி. அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு நாளும் அப்படியே இருந்தால் என்ன செய்வது? அம்மா ரேவதி கேழ்வரகை முளைகட்டி அரைத்துப் பாலெடுத்துக் காய்ச்சினாள். இட்லியை வெந்நீரில் கரைத்தாள். காரட்டை வேகவைத்து மசித்தாள், உருளைக்கிழங்கை மசித்தாள், ஆப்பிளை ஆவியில் வைத்து மசித்தாள். அந்த வீட்டில் மசிக்கப்படாமல் மிச்சமிருந்தது அம்மிக்கல் ஒன்றுதான். இளவரசன் தன் பங்குக்குக் கரண்டியை ஏரோப்ளேன் ஆக்கினான், கம்பெனி பஸ் ஆக்கினான், கருட சேவைக்குத் தெருவில் ஆடி ஆடி வருகிற பெருமாள் ஆக்கினான். மகள் எல்லாவற்றையும் ரசித்துப் பார்த்தாள். வாய் மட்டும் பூட்டியபடியே இருந்தது. பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் கொடுத்தாலும் அதே கதைதான். அம்மாவின் மடி ஒன்றுதான் அவளுக்குச் சாப்பாடு, மற்றதெல்லாம் வேடிக்கை.

சாதாரணக் காலமாக இருந்தால், பசித்தால் தானாகத் தின்கிறாள் என்று விட்டிருப்பார்கள். ஆனால் ரேவதியின் விடுப்பு முடிந்துகொண்டிருந்தது. சம்பளமில்லாமல் கேட்டு வாங்கிய கூடுதல் மாதமும் கரைந்துவிட்டது. ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில், செல்போனுக்குள் போகிற நகத்தளவு தகடுகளைப் பூதக்கண்ணாடியின் கீழே வைத்துப் பழுது இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. மற்றவர்கள் தாண்டிப்போகிற கீறல் அவள் கண்ணுக்குத் தப்பாது. திரும்பி வந்தால் லைன் லீடர் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அதைச் சொல்லும்போதெல்லாம் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போகும். இளவரசனுக்கு அந்த வெளிச்சத்தின்மேல் ஆசை. அவள் மாசமாக இருந்தபோதே வாக்குக் கொடுத்திருந்தான்.

"நீ வேலைய வுட்றாத ரேவதி. நான் ஊட்லயே தறி போட்டுக்கினு கெடக்கறவன். ஒரு கொழந்தய நான் பாத்துக்க மாட்டனா?"

சொல்வது சுலபம். சொன்னதைத் தெரு முழுக்கக் கேட்டிருந்தது என்பதுதான் சங்கடம். எதிர்வீட்டு முனிசாமி, இளவரசனுக்குத் தறியில் மூத்தவர், வாயிலும் மூத்தவர், அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "ஆம்பள ஊட்டி எந்தக் கொழந்தடா துன்னுக்கீது? பொம்பள கை வேணும்டா அதுக்கு."

பொம்பளை கைக்கும் அவள் தின்னவில்லை என்பதை யார் அவருக்குச் சொல்வது?

இடையில் இளவரசன் ஒரு காரியம் செய்து தன் பெயரையும் கெடுத்துக்கொண்டான். ஒரு முகூர்த்த நாளில் ரேவதி செவிலிமேட்டில் கல்யாணத்துக்குப் போனாள். குழந்தையை அவனிடம் ஒத்திகையாக விட்டுவிட்டுப் போனாள். வாழைப்பழத்தை மசித்துக்கொண்டு காலையிலிருந்து அவன் தலைகீழாக நின்று பார்த்தான். வாய் திறக்கவில்லை. வாசலில் ரேவதியின் செருப்புச் சத்தம் கேட்டதும் பயத்தில் கிண்ணத்தில் இருந்ததை எல்லாம் தானே விழுங்கிவிட்டு, "காலி பண்ட்டா பாரு" என்று கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினான். ரேவதி பூரித்துப்போய்க் குழந்தையைத் தூக்கினாள். குழந்தை பசியில் அவள் முந்தானையைப் பிய்த்தது. ரேவதி மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் மீசையில் வாழைப்பழம் இருந்தது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "எனக்காகப் பொய் சொல்லாதீங்க. நான் தைரியமா போறதுக்கு நெஜம்தான் வேணும்" என்றாள். அது அவனுக்கு நன்றாகச் சுட்டது.

தடுப்பூசி போட வருகிற நர்ஸ் கலையரசியிடம் கேட்டார்கள். அவள் குழந்தையைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"வெயிட்டு நல்லாத்தான் இருக்குது. தாய்ப்பால நிறுத்தாதீங்க. கூடவே கொஞ்சங்கொஞ்சமா சாப்பாடு. வாயப் புடிச்சித் தெறக்காதீங்க. அவளும் தொட்டுப் பாக்கட்டும், கையில எடுக்கட்டும், மூஞ்சில பூசிக்கட்டும். அதுதாம்மா பழக்கம்."

"மூஞ்சில பூசிக்கறதா?" என்றான் இளவரசன். அவன் கண் தன்னையறியாமல் கூடத்துப் பக்கம் போனது. "பட்டு இருக்கற எடத்துலயா மேடம்?"

"பட்டுல பட்டா இன்னா, தொடச்சாப் போவாதா?"

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்ல நர்ஸ்தான், பாவம், பட்டைப் பற்றித் தெரியாது.

அந்த வீட்டைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கூடத்தில் பாதியைத் தறி பிடித்துக்கொண்டிருந்தது. மிச்சப் பாதியில்தான் படுக்கை, டிவி, தூளி, சாப்பாடு எல்லாம். கைநீட்டினால் பட்டு. ஒரு சொட்டுக் குழம்போ, எண்ணெய்க் கை ஒன்றோ பட்டால் போதும், நெய்த புடவை வீணாகிவிடும். அதனால் அங்கே யாருடைய கையும் ஈரமாகவோ பிசுக்காகவோ இருந்ததில்லை. தேவிப்ரியா பிறந்த நாளிலிருந்து இளவரசனின் தோளில் ஒரு துண்டு தொங்கும். எச்சில் ஒழுகினால் துடைப்பான், விரலைச் சப்பினால் துடைப்பான். சாப்பாட்டு நேரத்தில் அவள் கை கிண்ணத்துக்கு நீளும். அவளுடைய இரண்டு குட்டிக் கையையும் தன் இடது கையில் பூப்போலச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கரண்டியை நீட்டுவான். ரேவதியும் அப்படித்தான் ஊட்டுவாள். அதைத் தப்பு என்று அந்தத் தெருவில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். நெசவாளி வீட்டில் குழந்தைக்குக் கைதானே முதல் காவல்.

ரேவதி வேலைக்குத் திரும்புகிற நாளும் வந்தது. போதாத வேளை, அன்றைக்கேதான் இளவரசன் பாவுக்குக் கஞ்சி போடுகிற முறையும் விழுந்தது. புடவைக்கு நீளவாக்கில் ஓடுகிற இழைகள்தான் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, இளவெயிலில் காயவைக்க வேண்டும். அப்போதுதான் இழை அறாது. ஒற்றை ஆளால் ஆகிற வேலை இல்லை. தெருவே ஒருவருக்கொருவர் முறைவைத்து வரும். அடுத்த நாள் மழை என்று வேறு சொல்லியிருந்தார்கள். தள்ளிப்போட வழியில்லை.

ஆக, விடியற்காலையில் அந்த அடுப்பங்கரையில் இரண்டு கஞ்சி காய்ந்தன. பாவுக்கு உரியதை இளவரசன் காய்ச்சினான். பச்சரிசியைக் கரையக் கரைய வேகவைத்து, மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டி, திரும்பவும் வடிகட்டி, விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தான். அதில் ஒரு துணுக்குப் பருக்கைகூட இருக்கக் கூடாது, இழை ஒட்டிக்கொள்ளும். பாப்பாவுக்கு உரியதை ரேவதி காய்ச்சினாள். அரிசி, பாசிப்பருப்பு, ஊறவைத்து மசித்த பேரீச்சம்பழம். ஒரு குழந்தைக்கு ஒரு கரண்டி போதும். அவள் பயத்தில் கிளறக் கிளற, தெருக் குழந்தைகள் எல்லாவற்றுக்கும் ஊட்டுகிற அளவுக்குப் பெருகிவிட்டது.

கல்யாணத்துக்கு வந்த ஜோடி எவர்சில்வர் தூக்குகள் அந்த வீட்டில் இருந்தன. ஒன்றில் இது, ஒன்றில் அது. இரண்டும் மூடிபோட்டு மேடைமேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

ரேவதி யூனிபார்ம் மாட்டிக்கொண்டு, தூங்குகிற குழந்தைக்குக் கடைசியாக ஒரு முறை பால் கொடுத்தாள். அவளுக்கு ஒரு வாய் இட்லி இறங்கவில்லை. தட்டை அப்படியே மூடிவைத்தாள். வாசலில் நின்று சொன்னாள்.

"டீ பிரேக்ல போன் பண்றேன். சாப்ட்டாளா இல்லியான்னு நெஜத்தச் சொல்லுங்க. சாப்பிடலன்னா நான் கெளம்பி வந்துடுவேன். வந்துட்டா, அப்புறம் போவமாட்டேன். கொழந்தயப் பட்டினி போட்டுட்டு எனக்கு எந்த லீடர் வேலையும் வேணாம்."

"துன்னுவா, நீ போ" என்றான் இளவரசன். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

கம்பெனி பஸ் போனது. தெருவில் முனிசாமியின் குரல் எழுந்தது.

"இளவரசா! வெயிலு வந்துடப் போவுது, இன்னாடா பண்ணிக்கினு கீற உள்ள?"

குழந்தை தூளியில் அசந்து தூங்கியது. இளவரசன் அதை எட்டிப் பார்த்துவிட்டு, பொண்டாட்டி சொல்லிவிட்டுப் போனதையே நினைத்துக்கொண்டு, கைக்கு வந்த தூக்கை எடுத்துக்கொண்டு ஓடினான்.

தெருவில் அரக்குநிறப் பாவு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விறைப்பாக நின்றது. வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. இளவரசன் தூக்கைக் கொண்டுபோய்க் குண்டானில் கவிழ்த்தான். யாரோ தண்ணீர் ஊற்றிக் கலக்கினார்கள். முனிசாமி கையில் அள்ளிப் பாவின் தலைப்பில் தடவிக்கொண்டே போனார். அவர் பெண்சாதி அலமு பின்னாலேயே கோரைத் தூரிகையால் இழுத்துவிட்டுக்கொண்டே வந்தாள். கொஞ்ச தூரம் போனதும் முனிசாமி நின்றார். இரண்டு விரலை ஒட்டிப் பார்த்தார். பிரித்துப் பார்த்தார்.

"இன்னாடா இது, கை பிசுக்குனு இருக்குது?"

அலமு குனிந்து, "எறும்புங்க" என்றாள். பாவைக் கட்டியிருந்த கம்பத்தில் ஒரு வரிசை எறும்பு உற்சாகமாக ஏறிக்கொண்டிருந்தது.

முனிசாமி விரலை நாக்கில் வைத்தார். அவர் முகம் போன போக்கு இருக்கிறதே, அந்தத் தெரு அதை ரொம்ப நாளைக்குப் பேசியது. இத்தனை வருஷத் தொழிலில் அவர் பார்க்காத பாவு இல்லை. ஆனால் இப்படி ஒன்றை அவர் ருசித்ததில்லை.

"டேய், பாவு இனிக்குதுடா!"

இளவரசனுக்கு அப்போதுதான் உறைத்தது. ரேவதி கிளறிக்கொண்டிருந்த பேரீச்சம்பழம், மேடைமேல் ஜோடியாக உட்கார்ந்திருந்த தூக்கு, தான் பார்க்காமல் நீட்டிய கை. "ணா, பாப்பாவோட கஞ்சிணா இது" என்றான்.

"பாப்பாவுக்கு வெச்சத பாவுக்கு ஊத்திட்டயா? நீ கொழந்தயப் பாத்துக்கறவனா?" முனிசாமி ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தார். அலமுதான் நிதானமாக இருந்தாள். "வாயப் பேசினு நிக்காத. தலைப்பு மட்டுந்தான் பட்டுக்கீது. ஈரத் துணியால வழிச்சி எடுத்துடலாம். இளவரசா, நீ ஓடிப்போயி அந்தத் தூக்க எடுத்தாப்பா" என்றாள். துணியை நனைத்துக்கொண்டு நாலைந்து பேர் குனிந்துவிட்டார்கள்.

அவன் ஓடினான். வீட்டுக்குள் கால் வைத்ததுமே அழுகைச் சத்தம். தேவிப்ரியா விழித்துக்கொண்டு தூளியை உதைத்துக்கொண்டிருந்தாள். நேரமும் ஆகியிருந்தது, பசி. இடுப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனான். மேடைமேல் ஒற்றைத் தூக்குதான் இருந்தது. பாவுக்கு உரியது. குழந்தைக்கு உரியது எல்லாம் தெருவில், எறும்புக்கு. இனிமேல் பருப்பைக் களைந்து, வேகவைத்து, மசித்து... அதற்குள் பாவு நனைந்தபடி வெயிலில் நிற்கும். அதற்குள் டீ பிரேக் வந்துவிடும்.

அழுகிற குழந்தையை ஒரு கையிலும் தூக்கை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தான். அவனுக்கே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாக்கு, வேலை, லைன் லீடர், அந்த வெளிச்சம், எல்லாம் தன் ஒரு கைத்தவறில் போய்விட்டது என்றுதான் நினைத்தான். வாசற்படியில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் சாய்த்து, இந்தத் தடவையாவது சரியானதுதானா என்று பார்க்கத் தூக்கின் மூடியைத் திறந்தான். ஒரு கை தூக்கைப் பிடித்திருந்தது. ஒரு கை குழந்தை விழாமல் அணைத்திருந்தது. தோளில் துண்டு இல்லை, அவசரத்தில் விட்டுவிட்டு வந்திருந்தான். அவள் கையைப் பிடிக்க அவனிடம் மூன்றாவது கை இல்லை.

தேவிப்ரியா அழுவதை நிறுத்தினாள். தூக்குக்குள் எட்டிப் பார்த்தாள். ஆறிப்போய், வெள்ளையாக, வழுவழுவென்று, அசைந்தால் அசைகிற ஒன்று உள்ளே இருந்தது. இளவரசன் சுதாரிப்பதற்குள் முழங்கைவரை கையை உள்ளே விட்டாள்.

"ஐயோ" என்றான். அவள் கையை வெளியே எடுத்தாள். விரலிலிருந்து சொட்டுவதைப் பெரிய விஷயமாகப் பார்த்தாள். பிறகு, யாரும் கேட்காமல், யாரும் கெஞ்சாமல், ஏரோப்ளேன் இல்லாமல், வாயைத் திறந்து அந்தக் கையை அப்படியே உள்ளே வைத்துக்கொண்டாள்.

சப்பினாள். விழுங்கினாள். திரும்பக் குனிந்தாள்.

கஞ்சியில் என்ன இருக்கிறது என்று இளவரசன் ஒரு கணம் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தான். பச்சரிசி, தண்ணீர். இழை வழுக்குவதற்குச் சேர்க்கிற துளி எண்ணெயை இன்னும் விடவில்லை, அது தெருவில்தான் விடுவார்கள். வேறு ஒன்றும் இல்லை. பட்டுக்கு என்று பார்த்துப் பார்த்து வடிகட்டியது. அதைவிடச் சுத்தமாக அவன் வாழ்க்கையில் எதையும் சமைத்ததில்லை.

பாவின்மேல் குனிந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். அலமு ஓடிப்போய்த் தன் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் கழுவிக்கொண்டு வந்து, அதில் கொஞ்சம் கஞ்சியை ஊற்றிக் குழந்தைக்கு எட்டுகிற மாதிரி வைத்தாள். இளவரசன் பழக்கதோஷத்தில் அவள் கையைப் பிடிக்கப் போனான்.

"டேய்!" என்று அடிக்குரலில் உறுமினார் முனிசாமி. "கைய வுடு. அது பாட்டுக்குத் துன்னுது, இல்ல?"

அவன் விட்டான். அவள் பாட்டுக்குத் தின்றாள். பாதி வாய்க்குப் போனது, மீதி மூக்கு, கன்னம், காது, அப்பன் வேட்டி என்று எல்லா ஊருக்கும் போனது. நர்ஸ் கலையரசி சொன்னது அவனுக்கு இப்போது ஞாபகம் வந்தது. தொட்டுப் பார்க்கட்டும் என்று அவள் சொன்னாள். அவனோ, பட்டுக்குப் பயந்து, இத்தனை நாளும் மகளின் கையைக் கட்டிப் போட்டுவிட்டு வாயைத் திற என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாகச் சந்தோஷம் வந்து வெட்கத்தைத் தள்ளிவிட்டது. தெரு என்றும் பார்க்காமல் அவன் கண் நிறைந்து வழிந்தது.

"பாவுக்குக் கொஞ்சம் வையிம்மா தாயி" என்றார் முனிசாமி. சொல்லிவிட்டு அவரே மீதிக் கஞ்சியைக் கழுவிய குண்டானில் ஊற்றிக்கொண்டு போனார். அவர் போகும்போது, ஆம்பளை கையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று இளவரசன் எதிர்பார்த்தான். அவர் சொல்லவில்லை. அதனால் அவனே சொன்னான். "நான் ஊட்டலணா. அவளேதான் துன்றா."

பாவு காய்ந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. இளவரசனின் இரண்டு கையிலும் கஞ்சி. அலமு எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"சாப்ட்டாளா?" ரேவதியின் குரலுக்குப் பின்னால் கேன்டீன் இரைச்சல்.

"சாப்ட்டா ரேவதி!"

மெதுவாக, "பொய் சொல்லாதீங்கன்னு சொன்னேன் இல்ல" என்றாள். "உங்க கொரலே செரியில்ல. அழுதிருக்கீங்க. நான் பைய எடுத்துட்டேன். சூப்ரவைசர்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன்."

"ரேவதி, சத்தியமா துன்னா! நெஜமாம்மா!"

"வாழப்பழமும் நெஜம்னுதான் சொன்னீங்க."

ஒரு நாள் சொன்ன பொய், இன்றைக்கு நிஜத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. இளவரசன் திருதிருவென்று விழித்தான். அப்போது முனிசாமி வந்து அலமுவின் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"அம்மா ரேவதி, நான் முனிசாமி பேசறேன். வேலைய வுட்டுட்டு வராத. கொழந்த துன்னுச்சு. என் கண்ணால பாத்தேன். பாவுக்கு வெச்ச கஞ்சியத் துன்னுச்சு."

"பாவுக்கு வெச்சதா?" ரேவதி அலறியது தெருக்கோடிவரை கேட்டது. "அப்ப நான் வெச்சது?"

"அத்தப் பாவு துன்னுடுச்சு" என்றார் முனிசாமி.

அதற்கப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தூக்கு மாறியது, எறும்பு வந்தது, பாவு இனித்தது, எண்ணெய் விடாத சுத்தக் கஞ்சி, அவளே கையை விட்டு எடுத்தாள், கையைப் பிடிக்காமல் விட்டதும் தின்றாள். எல்லோரும் ஓய்ந்ததும் ரேவதி சிரிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. சிரிப்பு முடிகிற இடத்தில் உடைந்தது. "எங்கிட்ட மட்டும் ஏன் தொறக்கல?" என்று கேட்டாள். பெல் அடித்தது. போன் நின்றுவிட்டது.

வேலைக்குத் திரும்பினாளா, பையோடு கிளம்பினாளா? அது தெரியாமல் இளவரசன் மீதிப் பொழுதைக் கழித்தான். மத்தியானம் தாய்ப்பாலுக்குத் தேவிப்ரியா கொஞ்சம் அழுதாள். பாலாடையில் நீட்டிய பாலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பாதி குடித்தாள், பாதி கொட்டினாள். தறிக்கு முன்னால் ஒரு பழைய போர்வையைத் திரைபோலக் கட்டி மறைத்துவிட்டு, இந்தாண்டை அவளை உட்காரவைத்தான். தெருவில் ஒவ்வொரு ஆட்டோச் சத்தத்துக்கும் எழுந்து போய் எட்டிப் பார்த்தான். ரேவதி வரவில்லை. கம்பெனி பஸ் வருகிற நேரத்துக்கு, கம்பெனி பஸ்ஸில்தான் வந்தாள்.

உள்ளே நுழைந்தவள் பையைப் போட்டாள், கை கழுவினாள், குழந்தையை அள்ளிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்து மார்போடு இழுத்துக்கொண்டாள். இருவருக்கும் ஒரு நாள் முழுக்கத் தேங்கியிருந்தது. குழந்தை முட்டி முட்டிக் குடித்தது. ரேவதி கண்ணை மூடிக்கொண்டாள்.

குழந்தை குடித்து முடித்து நிமிர்ந்ததும், இளவரசன் கிண்ணத்தில் புதிதாகக் காய்ச்சி ஆறவைத்த கஞ்சியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தான். ரேவதி கரண்டியை எடுத்தாள். கொஞ்சம் அள்ளி, ஆசையாக, "ஆ" என்று நீட்டினாள். உதடு ஒட்டிக்கொண்டது. தலை திரும்பியது. ரேவதியின் முகம் வாடிப்போனது, இளவரசனால் பார்க்க முடியவில்லை.

"கரண்டிய கீழ வையிமா" என்றான். "கிண்ணத்த மடியில வெச்சிக்கோ. அவ கையப் புடிக்காத. அவ்ளோதான்."

"யூனிபார்மு."

"தொவச்சிக்கலாம், வுடு."

ரேவதி கரண்டியை வைத்தாள். கையை எடுத்தாள். தேவிப்ரியா அம்மாவைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள். பொத்தென்று கையை உள்ளே விட்டாள். வாயில் வைத்துச் சப்பினாள். ரேவதி வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். ஒரு வாய் ஆனது, இன்னொரு வாய் ஆனது. மூன்றாவது முறை கையை எடுத்த தேவிப்ரியா அதைத் தன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. நிமிர்ந்து, அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, கஞ்சி ஒழுகுகிற அந்தக் கையை நீட்டி, ரேவதியின் உதட்டில் வைத்து அழுத்தினாள்.

ரேவதி வாயைத் திறந்தாள்.

காலையிலிருந்து அவள் ஒன்றும் தின்னவில்லை. மூடிவைத்த இட்லித் தட்டு அப்படியே இருந்தது, கேன்டீனில் வாங்கிய சாப்பாட்டையும் தொடவில்லை. அன்றைக்கு அவள் வாயில் விழுந்த முதல் பருக்கை அதுதான். உப்பில்லை, இனிப்பில்லை, ஒன்றுமில்லை. மகள் கை மட்டும் இருந்தது. அந்தக் குட்டி விரல்களை உதட்டுக்குள் பிடித்துக்கொண்டே அவள் அழுதாள். தேவிப்ரியா அதைப் பார்த்து ஈறு தெரியச் சிரித்துவிட்டு, இன்னொரு கை அள்ளினாள்.

ரேவதி விழுங்கினாள். முகமெல்லாம் கஞ்சியாக, கண்ணெல்லாம் நீராக, இளவரசனைப் பார்த்தாள்.

"நாளைக்கும் பஸ்ஸுக்கு நேரத்தோட எழுப்பி வுடுங்க" என்றாள்.